அனைவரும் தூங்காமல் வருக

எங்கள் ஊர் மக்களின் அறியாமை ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில்தான் உச்சத்தைத் தொடும். பொங்கல் வரைக்கும் ஏதோ அளவான அறியாமையோடு பிழைத்துக்கொண்டிருப்போம். மாசி கழிவதற்குள் குபீரென்று ஏறிவிடும். முகாம்மேல் முகாம், பேரணிமேல் பேரணி, சுவரெல்லாம் எழுத்து. 31ஆம் தேதி சாயங்காலம் பந்தல்காரர் சாமியானாவைச் சுருட்டி வண்டியில் ஏற்றியதும் ஊர் மொத்தமும் தெளிந்துவிடும். அப்புறம் அடுத்த மார்ச் வரை எங்கள் அறியாமையைப் பற்றி ஒரு நாதியும் கவலைப்படாது. விழிப்புணர்வு நிதி செலவழியாமல் திரும்பிப் போய்விடக் கூடாதே என்கிற தவிப்பில் பாதி, ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவேண்டுமே என்பதிலும் இருந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

விழிப்புணர்வு என்ற சொல்லையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அதற்குள் ஒரு குற்றச்சாட்டு சுருண்டு படுத்திருக்கிறது. நீ தூங்குகிறாய், நான் எழுப்ப வந்திருக்கிறேன். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மாட்டைக் கறந்து, ஐந்தரைக்குக் கொல்லையில் குனிந்து நிற்கிறவளை, பதினொரு மணிக்கு ஏசி காரிலிருந்து இறங்குகிறவர் எழுப்புகிறார். அவர் கொட்டாவி விட்டபடி எழுப்புவதுதான் இதில் அழகு.

செஞ்சிக்கு மேற்கே, பாறைக் குன்றுகளுக்கும் மல்லாட்டைக் கொல்லைகளுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். பெயர் வேண்டாம். நீங்கள் எந்த ஊரின் பெயரைப் போட்டுப் படித்தாலும் பொருந்தும். இரண்டு வருஷத்துக்கு முந்தைய மார்ச்சில் இங்கே ஒரு முகாம் நடந்தது. பன்னிரண்டு அடிக்கு எட்டடி பிளக்ஸ். 'மாபெரும் சுகாதார விழிப்புணர்வு முகாம், அனைவரும் வருக!' மேலே பதினோரு தலைகள், எல்லாம் கும்பிட்டபடி. கீழ் மூலையில் ஒரு கொசு. அந்தப் பிளக்ஸில் எங்கள் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்ள அந்தக் கொசு ஒன்றுதான் இருந்தது. அதைத் துணை சுகாதார நிலையத்தின் கேட்டில் கட்டினார்கள். பூட்டு தெரியாதபடி கட்டினார்கள்.

பூட்டியிருப்பதற்குக் கிராம சுகாதார செவிலியரைத் திட்டிப் பயனில்லை. கணக்குப்படி 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம், அதற்கு அவர் ஒருவர்தான். அவரும் வீடு வீடாக அலைந்துகொண்டிருப்பார். இல்லையென்றால் கர்ப்பிணிகளின் விவரத்தைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருப்பார். முன்பெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து, 'ஏம்மா, நெஞ்சுல பால் கட்டிக்கிச்சா, காட்டு' என்று கேட்டவர். அந்தத் திண்ணைப் பேச்சுதான் இந்த ஊருக்குக் கிடைத்த உண்மையான சுகாதாரக் கல்வி. இப்போது அவர் எங்கள் முகத்தைப் பார்ப்பதைவிடத் திரையைப் பார்ப்பதே அதிகம்.

முகாமுக்குக் கூட்டம் வேண்டுமே. நூறு நாள் வேலைக்கு ஏரியில் மண் வெட்டிக்கொண்டிருந்த பெண்களை அப்படியே கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். கையில் மண்வெட்டி, காலில் சேறு. 'கூட்டம் முடிஞ்சாதான் கையெழுத்து' என்று உத்தரவு. அப்படித்தான் விழித்துக்கொண்டோம். மேடையில் ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர், தட்டில் முந்திரி. கீழே ஒரு பிளாஸ்டிக் டிரம், அதற்கு ஒரே டம்ளர். டிரம்முக்கு நேர் மேலே, நோய்த்தொற்றைத் தவிர்ப்பது எப்படி என்றொரு சுவரொட்டி.

அதிகாரி ரத்தசோகையில் ஆரம்பித்தார். 'உங்கள்ல பாதிப் பேருக்கு மேல ரத்தம் இல்ல' என்றார். புள்ளிவிவரம் சரிதான். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்தியா முழுக்க 57 சதவீதம். ஆனால் அடுத்து ஒன்று கேட்டார்: 'ஏன் தெரியுமா?' கேட்டுவிட்டு அவரே சொன்னார்: 'விழிப்புணர்வு இல்ல.' நான் பசி, பிள்ளைப்பேறு, வயிற்றுப்புழு, அரிசிச் சோறு, ஆண்பிள்ளைகள் தின்ற பிறகு மிஞ்சும் குழம்பு என்று வரிசையாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டார்.

'தினமும் ஒரு மாதுளை, நாலு பேரீச்சம்பழம், வாரத்துக்கு ரெண்டு நாள் ஈரல். அவ்வளவுதாம்மா. ஈஸி.'

முன்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். 'மாதுளை கிலோ என்னா வெல விக்குது, தெரியுங்களா சார்?'

சிரிப்பு எழுந்தது. அதிகாரி சிரிக்கவில்லை. 'கேபிளுக்குக் கட்றீங்க, செல்லுக்கு ரீசார்ஜ் பண்றீங்க. ஒடம்புக்குச் செலவு பண்ண மட்டும் மனசு வரல, இல்ல?'

கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் முருங்கைக்கீரையும் தின்ற வம்சம் இது. இவர்களை ரேஷன் கடையின் வெள்ளை அரிசிக்குப் பழக்கியது யார்? அரிசி கொடுத்ததைக் குறை சொல்லவில்லை, அந்த அரிசி பல வீட்டு அடுப்பை எரிய வைத்திருக்கிறது. ஆனால் இரண்டு தலைமுறையாக அரிசியை மட்டும் அள்ளிப் போட்டுவிட்டு, 2023இல் உலகச் சிறுதானிய ஆண்டு என்று கோலாகலமாகக் கொண்டாடி, 'பாரம்பரிய உணவின் அருமை தெரியாத மக்களே' என்று எங்களிடமே வந்து கேழ்வரகுக்கு அறிமுக உரை ஆற்றுவதற்கு ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். பட்டணத்துக் கடையில் கண்ணாடிப் பாட்டிலில் ஏறி உட்கார்ந்தபின் கேழ்வரகு எங்கள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள், உண்மை. நல்ல மாத்திரை. அதைத் தின்றால் மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே. வயிறு பிடித்தால் சாப்பாட்டுக்குப் பிறகு போடு. டீயோடு மட்டும் போடாதே, சத்து உடம்பில் சேராது. இந்த மூன்றையும் சொல்ல அரை நிமிஷம் ஆகும். நாற்பது நிமிஷப் பேச்சில் அந்த அரை நிமிஷம் இல்லை. பெண்கள் கறுப்பாகப் போனதைப் பார்த்து மிரண்டு, மாத்திரையைக் கொல்லைப்புறத்தில் வீசிவிடுகிறார்கள். எங்கள் தெரு முருங்கை மரங்கள் எதற்கும் ரத்தசோகை கிடையாது.

அப்புறம் பாம்பு. பிளக்ஸில் ஒரு பாம்புப் படம், படமெடுத்து நிற்கிறது. பின்வரிசையில் இருளர் குடியிருப்பு ஆயா ஒருவர் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதிருக்கும். புருஷன் காலத்தில் எலி பிடித்தவர், பாம்பு பிடித்தவர். மெதுவாகச் சொன்னார்: 'சாமி, அது ராஜநாகங்க. நம்ம பக்கம் கிடையாதுங்களே.'

'பாம்புன்னா பாம்புதான் ஆயா' என்றார் அதிகாரி. 'கடிச்சா நேரா ஆஸ்பத்திரிக்குப் போவணும். மந்திரம், மாந்திரீகம்னு போயிடக் கூடாது. சரியா?'

ஆயா தலையாட்டினார். இந்த நாட்டில் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய விஷத்தைப் பெரும்பகுதி எடுத்துக் கொடுப்பவர்கள் இவருடைய சாதிசனம். 1978இல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலையும் பிடித்து, விஷம் கறந்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்கு ஏற்றித்தான் மாற்றுமருந்து தயாராகிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு இதே அறிவுக்காகத்தான் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். டெல்லியில் அறிவு என்று பதக்கம் குத்துகிறார்கள், செஞ்சிக்கு மேற்கே அதே அறிவுக்கு 'சரியா?' என்று பாடம் எடுக்கிறார்கள்.

முகாம் முடிந்ததும் பள்ளிப்பிள்ளைகள் பேரணி. உச்சி வெயிலில், செருப்பில்லாத கால்களோடு, 'கை கழுவுவோம்! கை கழுவுவோம்!' என்று கத்திக்கொண்டே போனார்கள். நல்ல முழக்கம். அக்டோபர் 15 உலகக் கை கழுவும் தினம். அரசாங்கங்கள் அந்த ஒரு நாளோடு நிறுத்திக்கொள்வதில்லை, எங்களை வருஷம் முழுக்கக் கை கழுவுகின்றன. அந்தப் பள்ளியின் கழிவறைக்குழாயில் தண்ணீர் வந்து ஆறு மாதமாகியிருந்தது. எந்தெந்த நேரத்தில், எத்தனை விநாடி, விரலிடுக்கில் எப்படித் தேய்க்க வேண்டும் என்று அத்தனையும் பிள்ளைகள் ஒப்பித்தார்கள். காற்றில் தேய்த்தும் காட்டினார்கள். காற்றில் கை கழுவ எங்கள் பிள்ளைகளைப் போல் எந்தத் தேசத்துப் பிள்ளைக்கும் வராது.

தண்ணீர் என்றதும் டெங்கு நினைவுக்கு வருகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடாது, சுத்தமான தேங்கிய தண்ணீரில்தான் இடும். முட்டை புழுவாகிக் கூடாகிக் கொசுவாகப் பறக்க ஏறக்குறைய எட்டிலிருந்து பத்து நாள். எங்கள் தெருக்குழாயில் கோடைக்காலத்தில் தண்ணீர் வருவதும் எட்டு நாளுக்கு ஒருமுறை. பாருங்கள் பொருத்தத்தை! கொசுவும் பஞ்சாயத்தும் ஒரே பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் நாள் குறிக்கின்றன போலிருக்கிறது. தண்ணீர் தினமும் வந்தால் நாங்கள் ஏன் அண்டாவிலும் தொட்டியிலும் பிடித்து வைக்கப்போகிறோம்? ஆய்வுக்கு வந்தவர் டார்ச் அடித்துத் தொட்டிக்குள் புழுவைப் பார்த்துவிட்டு, அபராதம் என்று மிரட்டினார். 'தண்ணியப் புடிச்சு வெக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?' என்றார். தப்பு எங்கள் மேல்தான். தாகத்தையும் எட்டு நாளுக்கு ஒருமுறை வைத்துக்கொள்ளக் கற்றிருக்க வேண்டும்.

குடிநீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று ஊருக்கு ஊர் எழுதியிருக்கிறார்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடித்த மேல்நிலைத் தொட்டிக்குள் மனித மலம் கிடந்தது. பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போன பிறகுதான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். அதற்கு என்ன விழிப்புணர்வு வாசகம் எழுதுவீர்கள்? எத்தனை டிகிரியில் காய்ச்சினால் அது போகும்? மலத்தில் இருக்கும் கிருமியைப் பற்றி மேடை போட்டுப் பேசுகிறவர்களுக்கு, மனசில் இருக்கும் மலத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் மைக் ரிப்பேர் ஆகிவிடுகிறது.

உள்ளதைச் சொல்லவேண்டும், சுகாதாரக் கல்விக்காக இந்த அரசு அச்சடிக்கும் வாசகங்களில் எங்கள் ஊருக்குத் தவறாமல், தட்டுப்பாடில்லாமல், மழையோ வெயிலோ பார்க்காமல் வந்துசேர்வது ஒன்றே ஒன்றுதான். அது டாஸ்மாக் பாட்டிலின் மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை. 2003இலிருந்து சில்லறை விற்பனையை அரசே நடத்துகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை தீர்ந்துபோகலாம், இந்தக் கடையில் சரக்கு தீர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. விற்பதும் அவர்களே, குடிக்காதே என்பதும் அவர்களே, ஈரல் கெட்டால் காப்பீட்டு அட்டை கொடுப்பதும் அவர்களே. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். உடனே கள்ளச்சாராயத்தின் தீமைகள் குறித்துப் பேச வந்துவிட்டார்கள். தீமை தெரியாமலா குடித்தான்? மூட்டை தூக்கின உடம்பு வலிக்கு, கையிலிருந்த காசுக்கு, பக்கத்தில் கிடைத்ததைக் குடித்தான். மெத்தனால் கண்ணைக் குருடாக்கும் என்ற வேதியியல் அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். அது எங்கே விற்கிறது என்பது தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியாமல் இருந்ததா?

பூச்சிமருந்துக் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். டப்பாவின் மேல் ஒரு வண்ணக்குறி இருக்கும். சிவப்பு என்றால் கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்குக் குறைவு, நீலம் அதற்கும் குறைவு, பச்சை என்றால் லேசான நஞ்சு. கவனியுங்கள், பச்சையும் நஞ்சுதான். ஆனால் பச்சை விளக்கு எரிந்தால் போ என்றுதானே அதே அரசாங்கம் ரோட்டில் கற்றுக்கொடுத்திருக்கிறது? உள்ளே ஒரு தாள் மடித்து வைத்திருப்பார்கள். பிரித்தால் வேட்டி அகலம், எழுத்தோ எறும்பு அளவு. கையுறை, முகமூடி, கண்ணாடி, முழுக்கால் உடுப்பு எல்லாம் அணிந்து அடிக்க வேண்டுமாம். சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு முதுகில் டேங்க் மாட்டினால், பூச்சிக்கு முன்னால் ஆள் சாய்ந்துவிடுவான். அதனால் அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று மட்டும் பார்த்து அடிக்கிறான். சாயங்காலம் தலை சுற்றி வாந்தி எடுத்தால் 'மருந்து ஏறிடுச்சு' என்று மோர் குடிக்கிறான். எந்தப் பயிருக்கு எத்தனை மூடி என்று அவனுக்குச் சொன்னது வேளாண்மைத் துறையா? இல்லை. கடைக்காரர். அவருக்கு டப்பாவுக்கு இவ்வளவு என்று கமிஷன்.

ஊசி போடும் டாக்டரையும் விட்டுவிட முடியாது. பட்டம் இல்லாதவர்தான், போலீஸ் பிடித்தால் பேப்பரில் படம் வரும். காய்ச்சல் என்றால் ஓர் ஊசி, 'ரெண்டு செட் மாத்திர'. அந்த செட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கே முழுதாகத் தெரியாது, வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தே இருக்கும். ஆபத்துதான், நான் அவருக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டினால் 'வாங்க, உள்ள வாங்க' என்கிறார். கடன் வைக்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். எங்கள் ஜனங்கள் போலி மருத்துவரை நம்புவது அறியாமையால் அல்ல. அசல் மருத்துவர் சாயங்காலம் நாலு மணிக்குமேல் இருக்க மாட்டார் என்ற அறிவால்.

அவ்வப்போது ஆராய்ச்சிக்காரர்களும் வருவார்கள். கையில் நாற்பது கேள்விகள். அறிவு, மனப்பான்மை, நடைமுறை என்று மூன்று பாகம். 'கை கழுவ வேண்டிய ஐந்து தருணங்கள் எவை?' எங்கள் பக்கத்துவீட்டு அண்ணி மூன்று சொன்னாள். அறுபது மார்க். 'ஊட்டச்சத்து என்றால் என்ன?' தெரியாது என்றாள். பூஜ்யம். அவள் அன்றைக்கு நாலு உருப்படிக்கு இரண்டு முட்டையைப் பிரித்துப் போட்ட கணக்குக்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை. முடிவுரை அவர்கள் கிளம்பும்முன்பே எழுதப்பட்டிருக்கும்: கிராமப்புற மக்களிடையே போதிய அறிவு இல்லை, சுகாதாரக் கல்வியை மேம்படுத்த வேண்டும். முனைவர் பட்டம் அவருக்கு, அறியாமைச் சான்றிதழ் எங்களுக்கு.

நானும் ஒரு கேள்வித்தாள் தயாரித்து வைத்திருக்கிறேன், அதிகாரிகளுக்கு. இந்த ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? ஆட்டோ பிடித்துத் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போக எவ்வளவு? அதற்கு எத்தனை நாள் மண் வெட்ட வேண்டும்? பேறுகாலம் ஆன எத்தனையாவது நாள் செங்கல் சூளைக்காரி மறுபடி கல் சுமக்கிறாள்? ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரம் கொண்டாடுகிறீர்களே, சூளையில் அவள் எங்கே உட்கார்ந்து பால் கொடுக்கிறாள்? குடும்பக்கட்டுப்பாடு என்று சொல்லிச் சொல்லி, 2019-21 கணக்குப்படி இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் அறுவை செய்துகொண்டார்கள், ஆண்களின் பங்கு 0.3 சதவீதம், அந்தப் பாடத்தை நீங்கள் யாரைப் பார்த்து நடத்தினீர்கள்? எத்தனை பேர் தேறுவார்கள் என்று எனக்குத் தெரியும். தேறாதவர்களுக்கு மார்ச்சில் ஒரு முகாம் வைக்கலாம். கூட்டம் முடிந்தால்தான் கையெழுத்து.

சொல்லிக்கொடுப்பதே வீண் என்கிறேனா? இல்லை. சொல்லிக்கொடுத்து உயிரைக் காத்தவர்களை எனக்குத் தெரியும். 1971இல் வங்கதேசப் போரின்போது பங்காவுன் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் உப்புநீர் பாட்டில் தீர்ந்துவிட்டது. திலீப் மஹலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பையும் சர்க்கரையையும் அளந்து டிரம்களில் கரைத்து வைத்து, நோயாளியின் அம்மா, அக்கா கையில் டம்ளரைக் கொடுத்தார். முப்பது சதவீதத்தில் இருந்த சாவு நாலு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. டம்ளரும் கரைசலும் இல்லாமல் வெறும் பேச்சை மட்டும் கொடுத்திருந்தால் இறங்கியிருக்குமா? அவருக்கு 2023இல் பத்மவிபூஷண் கொடுத்தார்கள், அவர் இறந்த பிறகு. அந்த இரண்டு இருளர்களின் பெயர் வந்த அதே பட்டியல்.

அப்புறம் 1980இலிருந்து பத்து வருஷம், பிராக் என்ற அமைப்பின் பெண்கள் வங்கதேசத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு நடந்தே போனார்கள். மூன்று விரலால் அள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். அந்த வீட்டுச் சாமானை வைத்தே கரைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்தது சம்பளக் கணக்கு. சில வாரம் கழித்து வேறொருவர் போய், தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று கேட்பார். நினைவிருக்கும் அளவுக்குத்தான் சொல்லிக்கொடுத்தவளுக்குச் சம்பளம். தாய் தப்பாகச் சொன்னால் மார்க் குறைவது ஆசிரியைக்கு! தாய்மார்கள் கற்றுக்கொண்டும் பயன்படுத்தவில்லை என்று தெரிந்தபோதும், 'ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்று எழுதி மூடவில்லை. தோண்டிப் பார்த்தார்கள். சொல்லிக்கொடுக்கப் போனவர்களே தங்களுக்குப் பேதி வந்தால் அந்தக் கரைசலைக் குடிப்பதில்லை என்று தெரிந்தது. முதலில் அவர்களை நம்ப வைத்தார்கள். இந்தச் சம்பளமுறையை நம் மேடைக்காரர்களுக்குக் கொண்டுவந்து பாருங்கள், அடுத்த மார்ச்சில் ஊரில் ஒரு சாமியானா தெரியாது.

அவ்வளவு தூரம் போவானேன்? 'ஆஸ்பத்திரியில் பிரசவம் பாருங்கள்' என்று எத்தனை வருஷம் இங்கே தொண்டை வற்றக் கத்தினார்கள்! மருத்துவச்சியை நம்பும் மூடப்பழக்கம் என்று எவ்வளவு ஏச்சு! ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களைப் போட்டு ராத்திரியிலும் விளக்கெரிய வைத்தார்கள், முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உதவித்தொகையும் கொடுத்தார்கள், 108 வண்டியும் வந்தது. எங்கள் மூடப்பழக்கத்தை எங்கே வைத்தோம் என்று எங்களுக்கே தெரியவில்லை. 2019-21 கணக்கில் தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில். கதவைத் திறந்து வைத்தால் வரத் தெரிந்த ஜனங்கள்தான் இவர்கள். ஆனால் ஒரு கதவைத் திறந்து வைக்க மாதாமாதம் சம்பளம் கொடுக்க வேண்டும். பிளக்ஸுக்கு ஒருமுறை கொடுத்தால் போதும்.

போன ஆடியில் நடந்ததைச் சொல்கிறேன்.

கட்டுவிரியன் பகலில் மந்தமாகக் கிடக்கும், ராத்திரியில்தான் நடமாடும். கூதலுக்கும் எலிக்குமாக வீட்டுக்குள் வந்து, தரையில் படுத்திருப்பவனைக் கடிக்கும். வலி இருக்காது, வீங்காது, பல் பட்ட தடமும் பல சமயம் தெரியாது. தூங்குகிறவனைத்தான் கடிக்கிறது, கவனித்தீர்களா, விழிப்புணர்வு இல்லாதவனை. இந்தியாவில் 2000இலிருந்து 2019 வரை பாம்புக்கடியில் செத்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வருஷத்துக்குச் சராசரி 58,000. பெரும்பாலும் எங்களைப் போன்ற ஊர்க்காரர்கள். கட்டிலில் படுங்கள், கொசுவலை கட்டுங்கள் என்பது அறிவுரை. சரியான அறிவுரைதான். பத்துக்குப் பத்து வீட்டில் ஐந்து பேர் படுக்கக் கட்டில் எப்படிப் போடுவது என்ற அறிவுரை இன்னும் வந்துசேரவில்லை.

முப்பத்துநாலு வயசுப் பையன். ராத்திரி ஒன்றரைக்கு வயிற்றுவலி என்று எழுந்தான். பித்தமாக இருக்கும் என்று நினைத்தார்கள். சத்தம் கேட்டு வந்த இருளர் ஆயா அவன் முகத்தைத் தூக்கிப் பார்த்தார். இமை சரிந்திருந்தது. 'கண்ணு தொங்குது. கட்டுவிரியன்டா. கட்டாதீங்க, கீறாதீங்க, நடக்க விடாதீங்க. வண்டிக்குப் போன் போடுங்க' என்றார். ஒருவரும் மந்திரக்காரனைத் தேடவில்லை. ஒருவரும் கயிறு கட்டவில்லை, பிளேடு எடுக்கவில்லை. அந்தப் பிளக்ஸில் எழுதியிருந்த அத்தனையும் வரி பிசகாமல் செய்தார்கள். முகாம் நடத்தியவர் பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார்.

வண்டி வர ஐம்பது நிமிஷம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விளக்கு எரிந்தது, ஒரு செவிலியர் இருந்தார். மாற்றுமருந்துக் குப்பிகளும் குளிர்பெட்டியில் இருந்தன. ஆனால் அந்த மருந்து சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் மூச்சை அடைத்துவிடும், அதைச் சமாளிக்க மருத்துவர் பக்கத்தில் வேண்டும். மருத்துவர் காலையில்தான் வருவார். அந்தப் பெண் கை நடுங்க, 'என்னால போட முடியாதுங்க, ஏதாச்சும் ஆச்சுன்னா என்னத்தான் கேப்பாங்க' என்றாள். அவளை நான் குற்றம் சொல்ல மாட்டேன், பத்து பேர் சுமக்க வேண்டியதை அவள் தலையில் வைத்திருக்கிறார்கள். சீட்டு எழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். பாதி வழியில் அவனுக்கு மூச்சு நின்றது. மருந்துக்குப் பக்கத்தில் இருபது நிமிஷம் படுத்திருந்துவிட்டுத்தான் போனான்.

ஆஸ்பத்திரிக் குறிப்பில் இரண்டு சொல் எழுதியிருந்தார்கள்: தாமதமாகக் கொண்டுவரப்பட்டார். யார் தாமதம் என்று எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. தாமதம் என்றால் உறவினர் தாமதம், உறவினர் தாமதம் என்றால் அறியாமை, அறியாமை என்றால் முகாம். மூன்றாவது வாரம் வந்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்து மார்ச்சுக்கு வெளியே எங்கள் ஊரில் நடந்த முதல் முகாம் அதுதான். அதே பந்தல்காரர், புதுப் பிளக்ஸ், அதே ராஜநாகம். செத்தவனின் பெண்டாட்டியை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள்.

அதிகாரி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: 'சரி, சொல்லுங்க பாப்போம். பாம்பு கடிச்சா மொதல்ல என்னா பண்ணணும்?'

யாரும் வாய் திறக்கவில்லை. பின்வரிசையில் ஆயா முட்டியில் கையூன்றி எழுந்தார்.

'பகல்ல வந்து கடிக்கச் சொல்லணும், சாமி.'

'தப்பு' என்றார் அதிகாரி. 'வேற யாராவது?'